மந்திரித்த நோட்டுப் புத்தகங்கள்

அன்புள்ள அக்கா,

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்காகப் பூசை வைத்தார்கள். சாமியார் புத்தகப் பைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். என் மகனின் நோட்டு அட்டையில் நான் எழுதியிருந்த பெயர் நனைந்து கலங்கிவிட்டது. அப்புறம் சாமியார், "நம்ம ஸ்கூல் பிள்ளைங்க மட்டும் எழும்புங்க" என்றார். பீடத்துக்கு முன்னால் எழுபது பிள்ளைகளாவது இருக்கும். எழுந்தது ஆறேழு பேர். என் மகன் உட்கார்ந்தே இருந்தான். அவனை ஒன்றாம் வகுப்புக்கு டவுனில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் பங்கு நடத்தும் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு 58 பேர், மூன்று ஆசிரியர்கள். கோவில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பங்குப்பேரவையில் நான் இருக்கிறேன். "இதை மூடிட்டா என்ன?" என்று ஒருவர் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. நான் செய்தது தப்பா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் மகளையும் வேனில்தான் அனுப்பினேன். காலை ஏழே காலுக்கு, பாதித் தூக்கத்தில் அவள் ஏறுவாள். அந்த வேன் எங்கள் பங்குப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகும். தலைமையாசிரியர் சிஸ்டர் அந்நேரம் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார். துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவளுக்கு டாட்டா காட்டுவார். ஏன் இங்கே சேர்க்கவில்லை என்று ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 ஆனால் மூன்று. உங்களுடையதைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளியில், அரசு சம்பளம் தரும் பணியிடங்களை ஆகஸ்ட் 1-ம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். உங்கள் பள்ளி 58-லேயே நின்றால் மூன்றாவது ஆசிரியர் 'உபரி' கணக்கில் போய்விடுவார். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் என்ன ஆகும்? முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். ஒரு மூலையில் 'அ' எழுதிப் பழகுவார்கள், இன்னொரு மூலையில் வாய்ப்பாடு ஓடும். அதைப் பார்க்கிற பெற்றோர் அடுத்த ஆண்டு டி.சி. கேட்டு வந்து நிற்பார்கள். நான் பார்த்தவரை பங்குப் பள்ளிகள் இப்படித்தான் மூடுகின்றன. பேரவையில் யாரும் தீர்மானம் போடவே வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியின் 58 பேரில், அன்றைக்கு எழுந்து நின்ற ஆறேழு பேர் போக மீதி ஐம்பது சொச்சம் பிள்ளைகள் யார் என்று பேரவையில் கேளுங்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளாக இருப்பார்கள். நம் கோவிலுக்கு வராத வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். நம் பெஞ்சுகளில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளியை மூடலாமா என்று கேட்டவருக்கும் அது தெரிய வேண்டும்.

கோவிலுக்குள்ளேயே சாதிக்குச் சுவர் வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று பூசை கண்டவர்கள் நாம். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் அந்தச் சுவர் இடிந்தது 1910-ல்தான். இன்றைக்கு நம் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, பங்குப் பள்ளியை "அவங்க ஸ்கூல்" என்று பேசும்போது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கிலீஷ் வேண்டும் என்று நினைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. கூலிக்குப் போகிற தாயும் அதைத்தான் நினைக்கிறாள். அதற்கு வழி பாருங்கள். அந்தோனியார் திருவிழா ஜூன் 13-ல் வருகிறது. உங்கள் ஊரில் வாணவேடிக்கைக்கும் சீரியல் செட்டுக்கும் எவ்வளவு போகிறது என்று பேரவைக் கணக்கு நோட்டில் இருக்கும். அதில் ஒரு பகுதியை ஒதுக்கினால், நன்றாக இங்கிலீஷ் சொல்லித்தருகிற ஒரு டீச்சரைப் பங்குச் செலவில் வைத்துக்கொள்ளலாம். சாமியார்தானே தாளாளர், அவரிடம் பேசுங்கள். அந்தோனியார் கோபிக்க மாட்டார்.

இன்னொரு பயமும் வீடுகளில் ஓடுகிறது. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பார்ப்பது 6 முதல் 12-ம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான். ஐந்தாவது வரை பங்குப் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. வீடு வீடாகப் போகும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மகனை மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது நீங்களும் அவன் அம்மாவும் உட்கார்ந்து பேசவேண்டியது. 58-க்கும் 61-க்கும் நடுவில் இருப்பது மூன்று பிள்ளைகள். பேரவையில் இருப்பவர்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை எத்தனை என்று வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 1-க்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா