மீள்சுழற்சி செய்தால் சக்தியும் வளமும் எப்போதும் மிச்சமாகுமா?

எப்போதும் மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. அந்தப் பொருளை முதன்முறை செய்வதற்கு எவ்வளவு சக்தி செலவாகிறது, பழையதைச் சேர்த்துக் கொண்டுபோக எவ்வளவு செலவாகிறது என்ற இரண்டையும் வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். இலங்கை மலையகத்து ஹட்டனில் பழைய இரும்பும் போத்தலும் வாங்கும் கடை ஒன்றில் சில காலம் கணக்கெழுதியவன் என்பதால், அங்கே கண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அலுமினியத்தில் ஐயத்துக்கே இடமில்லை. பொக்சைற் என்னும் தாதுவிலிருந்து எடுக்கும்போது, ஒட்சிசனோடு இறுகப் பிணைந்திருக்கும் உலோகத்தைப் பிரிக்கவே கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 14 கிலோவாற்று மணி மின்சாரம் வேண்டும். பழைய சட்டியோ 660 பாகை செல்சியசில் உருகிவிடுவதால், சுமார் 95 சதவீத சக்தி மிச்சமாகிறது. கடைக்காரர் நசுங்கிய சட்டியின் கைப்பிடியில் இருக்கும் இரும்பு ஆணியைத் தட்டிக் கழற்றிய பிறகுதான் தராசில் வைப்பார். வேறு உலோகம் கலந்தால் அந்த இலாபம் குறையும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணாடியில் அவ்வளவு இலாபம் இல்லை. மணலை உருக்கினாலும் உடைந்த போத்தலை உருக்கினாலும் உலை 1500 பாகையை ஒட்டியே எரிய வேண்டும். கலவையில் உடைகண்ணாடியை 10 சதவீதம் கூட்டினால், சக்தித் தேவை 3 சதவீதம் அளவுக்கே குறைகிறது. போத்தல் செய்யும் தொழிற்சாலை இருப்பதோ ஹொரணையில். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கிப் போகும் லொறி நிரம்பியிருந்தால் மிச்சம் நிற்கும். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி அரை லொறிதான் சேர்ந்தது என்றால், மிச்சத்தில் பெரும்பகுதியை டீசலே தின்றுவிடும். முழுப் போத்தலைக் கழுவி மீண்டும் நிரப்புவதில் உருக்கும் வேலையே இல்லை. எங்கள் கடையிலும் முழுப் போத்தல்கள் பெட்டிகளில் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும், உடைந்தவை உரப்பைகளில் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

கடதாசியை மீள்சுழற்சி செய்தால் மரம் மிச்சமாவது உண்மை. ஆனால் மரக்கூழ் ஆலைகள் தமது மரக்கழிவையே எரித்து வெப்பத்தின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்கின்றன. பழங்கடதாசியை அரைக்கும் ஆலைக்கு அந்த வசதி இல்லாததால், சில இடங்களில் அதன் நிலக்கரிச் செலவோ எண்ணெய்ச் செலவோ கூடிவிடவும் செய்கிறது. (யோகட் கப்பை வெந்நீரில் கழுவிச் சேர்ப்பவர்களும் உண்டு, நுவரெலியாக் குளிரில் அந்த நீரைக் கொதிக்க வைக்கும் சக்தி கப்பில் மிஞ்சுவதைத் தாண்டிவிடும் என்பது என் எண்ணம். குளிர்ந்த நீரில் அலசினால் போதும்.)

பிளாஸ்திக்கையும் மென்தகட்டையும் பல படைகளாக ஒட்டிச் செய்த பிஸ்கட் உறை, ஷாம்பு சஷே போன்றவற்றை எந்தக் கடைக்காரரும் கையால் தொடமாட்டார், ஏனெனில் படைகளைப் பிரிப்பதற்கு ஆகும் செலவு பிரித்தெடுத்த பொருளின் பெறுமதியைவிட அதிகம். உணவுக்கும் மருந்துக்கும் விலக்களித்து, சிறிய சஷே பக்கற்றுகளை இலங்கை 2021இல் தடைசெய்ததை அதனால்தான் சரியான முடிவென்று கருதுகிறேன்: அந்த வகை உறையில் சக்தியை மிச்சப்படுத்த, அதைச் செய்யாமல் விடுவதைத் தவிர வேறு வழி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.