விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும்

அன்புள்ள அம்மா,

நேற்று உங்கள் மகளிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். நான்குக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள், அவளுடைய கட்-ஆஃப் உட்பட. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போதுதான், "எங்கள் வீட்டில் எனக்கு எதற்குமே சுதந்திரம் கிடையாது சார்" என்றாள். "முதலில் பொறுப்பு வரட்டும்" என்றீர்கள் நீங்கள். நியாயம்தான். ஆனால் கையில் கொடுக்காத பொறுப்பு எப்படி வரும்?

இந்தப் பொறியியல் கலந்தாய்வை அவளிடம் விட்டுவிடுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். கல்லூரி எண், பாடப்பிரிவு, கட்டணம், போய்வரும் தூரம், கடைசியாக 'ஏன் இது?' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை அவள் சொந்த வார்த்தையில் நிரப்ப வேண்டும். "எல்லோரும் எடுக்கிறார்கள்" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி யோசிக்கட்டும். அந்த நோட்டைப் பார்த்து இணையத்தில் பதியும் விருப்பப் பட்டியலில் வரிசைதான் முக்கியம். மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதியதைக் கணினி பார்க்காது. ஆகவே பயந்துகொண்டு ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம். கடவுச்சொல் அவளிடமே இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரிடம் போக வேண்டாம். ஒதுக்கீடு வந்ததும் கெடு தேதிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். அந்தத் தேதியை நினைவில் வைப்பதும் அவள் வேலை.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு, அது கொஞ்சம் கடினமானது. ஆண்டுக்கு உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நகைக்கடன் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டு நிலவரம் தெரியாமல் எடுக்கும் முடிவு குழந்தை முடிவாகத்தான் இருக்கும். உங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி என்றீர்களே, அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு அவளே போய் விண்ணப்பிக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் ஐந்து அரியருடன் என் முன்னால் உட்கார்ந்தான். "அப்பா சேர்த்துவிட்டது சார்" என்றான். தவறு அப்பாவுடையது என்றதும், அதைச் சரிசெய்யும் வேலையும் அப்பாவுடையதாகிவிட்டது. பாடப்பிரிவை மாற்றுவதா, உட்கார்ந்து படித்து முடிப்பதா என்று கேட்டேன். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது வயதுப் பையன். இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

உங்கள் மகள் தவறாகத் தேர்ந்தெடுத்துவிடுவாளோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் நான் இருக்கிறேன். வரும் வியாழக்கிழமை அந்த நோட்டுடன் அவளை மட்டும் அனுப்புங்கள். பஸ்ஸில் தனியாகவே வரட்டும்.