கொல்லைக் கதவைச் சாத்தியாச்சா?

நீடாமங்கலம் பக்கத்துல ஒரு ஊரு அங்கன்வாடியில 29 வருஷம் டீச்சரா இருந்துட்டு ஓய்வு வாங்கினவ நான். இப்ப வீட்டுல பேத்தி இருக்கா, ரெண்டே கால் வயசு. நான் டாக்டர் இல்ல, அதனால மருந்து அளவு கேட்டா சொல்ல மாட்டேன். கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு நாளை எப்படி ஓட்டுறதுன்னு கேட்டா தெரிஞ்சதைச் சொல்றேன். வந்த கேள்விகள்ல பத்தை எடுத்திருக்கேன்.

டீச்சர், பாபநாசத்துல இருக்கோம். பையனுக்கு ஒன்றரை வயசு. அடுப்படிக்குள்ள போனாலே காலைக் கட்டிக்கிட்டு அழறான். போனைக் கொடுத்தாதான் சோறு வடிக்க முடியுது. அட்டை வெட்டி, கலர் ஒட்டி விளையாட வைக்கச் சொல்றாங்க. அதுக்கு எனக்கு எங்க நேரம்?

அட்டையும் வேண்டாம், கலரும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது விளையாட்டு இல்ல, நீங்க செய்யிற வேலை. அதுல அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்துப் பாருங்க.

நேத்து எங்க வீட்டுல முருங்கைக்கீரை. பேத்திக்கு ஒரு கொத்தை ஒடிச்சுக் கையில கொடுத்தேன். முதல்ல ஒவ்வொரு இலையா கிள்ளினா. அப்புறம் நான் காம்பைப் பிடிச்சு ஒரே இழுப்பா உருவுறதைப் பாத்துட்டு, அவளும் ரெண்டு விரலை வச்சு இழுத்தா. பாதி தரையில, கொஞ்சம் தலையில, நாலு இலை முறத்துல. இருபது நிமிஷம் வாயைத் திறக்கல. ரசம் வச்சு இறக்கிட்டேன். அந்த ரெண்டு விரல் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போற பிடி.

கொத்தவரங்காய் ஒடிக்கலாம், பூண்டுத் தோலை ஊதலாம், எவர்சில்வர் டம்ளரை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு எடுக்கலாம். துவைச்ச துணியில அப்பா சட்டை எது, தன் சட்டை எதுன்னு பிரிக்கச் சொல்லலாம். உக்கார வைக்கிற இடம் அடுப்புக்கு எதிர்ச் சுவரா இருக்கட்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. கடலை, பட்டாணி, புளியங்கொட்டை இந்த வயசுக் கையில வேண்டாம். நேரா வாய்க்குத்தான் போகும், மூச்சுக்குழாயை அடைச்சிடும்.

போன் பத்தி உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு. ஒரு வயசுக்குள்ள திரையே கூடாது, ரெண்டு வயசு ஆகுறவரைக்கும் வேண்டாம், அதுக்கு மேல நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள. உங்க பையன் மூணு நாள் அழுவான், நாலாம் நாள் கீரைக்கு வருவான்.

வலங்கைமான் பக்கம். கொல்லைய ஒட்டி வாய்க்கால். ஜூன் மாசம் வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடும். பொண்ணுக்கு ரெண்டு வயசு.

உங்க பயம் சரியான பயம். இதுக்குக் கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன்.

வழக்கமா ஜூன் 12-ந்தேதி மேட்டூர் அணையில தண்ணி திறக்குறாங்க. கல்லணைக்கு வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகும். அங்கேருந்து காவிரி, வெண்ணாறுன்னு பிரிஞ்சு, மதகு மதகா இறங்கி நம்ம கொல்லைக்கு என்னைக்கு வரும்னு யாருக்கும் சரியாத் தெரியாது. அதுவரைக்கும் மூணு நாலு மாசம் அந்த வாய்க்கால் காஞ்சு கிடக்கும். பிள்ளைக்கு அது மணல் விளையாடுற இடம், வீட்டுல இன்னொரு அறை மாதிரி. ஒரு ராத்திரியில தண்ணி வந்துடும். காலையில எழுந்ததும் பிள்ளை பழகின இடத்துக்குத்தான் ஓடும். நமக்கு அது ஆறு, அதுக்கு அது நேத்து விளையாடின மணல். தண்ணி வந்த முதல் வாரம்தான் எல்லாத்தையும் விட மோசம்னு நான் சொல்றது அதனாலதான்.

என் ரெண்டாவது மகன் மூணு வயசுல அப்படித்தான் போனான். நான் மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். கொல்லைக் கதவு திறந்திருக்கு, சத்தமே இல்ல. ஓடிப்போய்ப் பாத்தா படித்துறையில கடைசிக்கு முந்தின படியில நிக்கிறான். ஒரு செருப்பு மிதந்து போயிக்கிட்டு இருக்கு, அதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அடுத்த செருப்புக்கு இறங்கியிருப்பான். கதவைத் திறந்து போட்டது வேற யாரும் இல்ல, நான்தான்.

தண்ணியில விழுற பிள்ளை கத்தாது, கையைத் தூக்கிக் கூப்பிடாது. சத்தமில்லாம ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும். அதனால காதை நம்பாதீங்க. கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்க, கீழ்த் தாழ்ப்பாளை ரெண்டு வயசே திறந்திடும். கதவுக்கு வெளியில இடுப்பு உயரத்துக்கு மூங்கில் படல் ஒண்ணு கட்டுங்க. இதை மே மாசத்துலயே செஞ்சிடணும்.

ஆறு, வாய்க்கால்னு மட்டும் நினைக்காதீங்க. குளியலறை வாளியில அரை அடி தண்ணி போதும். இந்த வயசுல உடம்பு அளவுக்குத் தலை கனம் ஜாஸ்தி, எட்டிப் பாத்தா தலைகுப்புற விழும், திரும்பி எழ முடியாது. வாளி, அண்டா, மாட்டுத் தொட்டி, பம்புசெட் தொட்டி எதையும் நிரப்பித் திறந்து வைக்காதீங்க. வேலை முடிஞ்சதும் வாளியைக் கவுத்துடுங்க.

வீட்டுல விசேஷம்னா இன்னும் ஆபத்து. பத்து பேர் இருப்பாங்க, ஆளுக்கு ஆள் அடுத்தவங்க பாத்துக்குறாங்கன்னு நினைப்பாங்க. எங்க வீட்டுல வாய்விட்டுச் சொல்லிடுவோம். "இனிமே நான் பாக்குறேன்"னு ஒருத்தர் சொன்னாத்தான் மத்தவங்க நகரலாம்.

விழுந்த பிள்ளையைத் தூக்கினா தலைக்கு மேல வச்சுச் சுத்துறது, வயித்தை அமுக்குறது, உப்புல படுக்க வைக்கிறது இதெல்லாம் வேண்டாம். நேரம்தான் போகும். மூச்சு இல்லைன்னா உடனே வாயில வாய் வச்சு ஊதணும், நெஞ்சை அமுக்கணும், ஒருத்தர் 108-க்குப் போன் போடணும். இதைச் செஞ்சு காட்டச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. படிச்சு மட்டும் வராது.

மயிலாடுதுறை. மகளுக்கு நாலு வயசு. ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் இழுத்துக்கிட்டு ஆத்துக்குப் போகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. போன பதிலைப் படிச்சதும் பயமா இருக்கு.

கூட்டிட்டுப் போங்கம்மா! பதினெட்டாம் பெருக்குக்குச் சப்பரம் இழுக்காம டெல்டாவுல ஒரு பிள்ளை வளரலாமா? முதல் நாளே உக்காந்து கலர்க் காகிதம் ஒட்டட்டும், கயிறு கட்டட்டும். ஆத்தங்கரையில சப்பரக் கயிறு அவ கையில, அவ கை உங்க கையில. நீங்க பூஜை பண்ணும்போது பிடிக்க வேற ஆள் வேணும். பாசி பிடிச்ச கீழ்ப் படிக்கு யாரும் இறங்க வேண்டாம், காதோலை கருகமணியை மேல் படியிலேருந்தே விட்டாலும் காவேரி வாங்கிக்குவா.

கத்திரி வெயில் கொளுத்துது. நாலு மாசப் பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கலாமா அக்கா?

வேண்டாம். ஆறு மாசம் முடியிறவரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், மே மாசமா இருந்தாலும். தாய்ப்பால்ல பெரும்பகுதி தண்ணிதான். அடிக்கடி பால் கொடுங்க, தண்ணியை நீங்க குடிங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போனா பிள்ளைக்குப் போதுமான அளவு கிடைக்குதுன்னு அர்த்தம்.

திருத்துறைப்பூண்டி. நடவுக்குப் போறேன். ஏழு மாசப் பிள்ளையை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போறேன். மாட்டுப்பால் கொடுக்கலாமான்னு கேக்குறாங்க.

ஒரு வயசுக்குள்ள மாட்டுப்பாலைக் குடிக்கிற பாலா பழக்காதீங்க. அதுல இரும்புச்சத்து கம்மி, சின்னக் குடலுக்கும் ஒத்துக்காது. கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு நிறையப் பால் கொடுங்க, வந்ததும் கொடுங்க. நடுவுல ஒரு வேளைக்குப் பாலைப் பீச்சி, கொதிக்க வச்சு ஆற வச்ச எவர்சில்வர் கிண்ணத்துல மூடிவச்சுட்டுப் போகலாம். நாலு மணி நேரம்னு சொல்லுவாங்க, அது குளுமையான அறைக்கு. நம்ம வெயிலுக்கு அதுக்கும் முன்னாடியே கொடுத்துடச் சொல்லுங்க. பாலாடையில கொடுக்கட்டும், பாட்டில் வேண்டாம்.

ஏழு மாசத்துக்கு ரெண்டு மூணு வேளை சாப்பாடும் வேணும். கரண்டியைச் சாய்ச்சா வழிஞ்சு ஓடுற கஞ்சியில தண்ணிதான் இருக்கும், சத்து இருக்காது. சோத்தையும் பருப்பையும் குழைய மசிச்சு ஒரு சொட்டு நெய், முட்டையை நல்லா வேகவச்சு மசிச்சது, கேழ்வரகுக் கூழ், பூவன் பழம். விரால் மீன் கிடைச்சா முள்ளைத் தடவிப் பாத்து எடுத்துட்டு மசிச்சுக் கொடுங்க. அங்கன்வாடியில பேரைப் பதிஞ்சா ஆறு மாசத்துலேருந்து சத்து மாவு கொடுப்பாங்க, அது உங்க பிள்ளைக்குள்ள பங்கு, வாங்காம விடாதீங்க. தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தடவக்கூடக் கூடாது.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். மருந்து அடிச்ச வயல்லேருந்து வந்தா கை கால் கழுவி, சேலையை மாத்திட்டுத்தான் பிள்ளையைத் தூக்கணும். பிள்ளை எவ்வளவு கத்தினாலும் சரி.

கும்பகோணம். ரெண்டு மாசப் பிள்ளை சாயங்காலம் ஆனா அழுதுக்கிட்டே இருக்கான். உரம் விழுந்திருக்கு, எடுக்கணும்னு அப்பாயி சொல்றாங்க. எதிர்த்துப் பேச முடியல.

எதிர்த்துப் பேச வேண்டாம், ஆனா பிள்ளையையும் கொடுக்க வேண்டாம். வேட்டியில போட்டு உருட்டுறது, காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்குறது, குலுக்குறது எல்லாம் ஆபத்து. ரெண்டு மாசத்துக்குக் கழுத்தே நிக்காது. குலுக்கினா மூளைக்குள்ள ரத்தம் கசியும்.

சாயங்கால அழுகை ஆறு வாரத்துல உச்சத்துக்குப் போய், மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும். காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

அப்பாயிக்கு வேற பொறுப்பு கொடுங்க. எண்ணெய் தேய்ச்சுவிடுறது அவங்க கைக்குத்தான் வரும், மூக்குலயும் காதுலயும் ஊத்தாம இருந்தா சரி. தூளி ஆட்டுறது, தாலாட்டுப் பாடுறது எல்லாம் அவங்களுக்கே. "டாக்டர் வேண்டாம்னுட்டாரு"ன்னு பழியை டாக்டர் மேல போடுங்க, அதுக்குத்தானே அவரு இருக்காரு. கண்மையை விட்டுடுங்க, பலதுல ஈயம் கலந்திருக்கு. வசம்பைக் கையில கட்டுறதும் வேண்டாம், கழண்டா வாய்க்குப் போயிடும்.

ஐப்பசி மழை வந்தாலே பிள்ளைக்கு வயித்தால போகுது. என்ன பண்ண?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில முழுசாக் கரைக்கணும். பாதி பாக்கெட்டை டம்ளர்ல கரைச்சா அளவு தப்பிப் போகும். சின்ன பாக்கெட்டும் விக்குது, மேல போட்டிருக்கிற தண்ணி அளவைப் படிங்க. ஒவ்வொரு தடவை போனப்புறமும் கரண்டி கரண்டியா கொடுங்க, கரைச்சது 24 மணி நேரத்துக்கு மேல ஆனா கொட்டிடுங்க. துத்தநாக மாத்திரையும் கொடுப்பாங்க, வயிறு நின்னாலும் 14 நாள் முழுசாக் கொடுக்கணும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. கண் குழி விழுந்து சோர்ந்து கிடந்தா, மலத்துல ரத்தம் வந்தா, குடிச்சதெல்லாம் வாந்தியாப் போனா வீட்டுல வச்சுப் பாக்காதீங்க.

தஞ்சாவூர்ல மாடி வீடு. மூணு வயசுப் பையனை ஞாயித்துக்கிழமை எங்க கூட்டிட்டுப் போறது?

பெரிய கோயிலுக்கு அஞ்சு மணிக்கு மேல போங்க. மத்தியானம் கல்லு காலைச் சுட்டுடும். கார்த்திகையிலேருந்து மாசி வரைக்கும் காலையில வடுவூர் ஏரிக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க, நாரையும் வாத்துமா ஏரி நிறைஞ்சிருக்கும். சாப்பாடு, தண்ணி, மாத்துத் துணி கையோட எடுத்துக்கங்க. வரும்போது தலையாட்டி பொம்மை ஒண்ணு வாங்குங்க. எத்தனை தடவை தள்ளினாலும் ஏன் எழுந்துக்குதுன்னு அவன் கேப்பான். "அடியில களிமண் கனம்"னு உடனே சொல்லிடாதீங்க, ரெண்டு நாள் யோசிக்கட்டும்.

அங்கன்வாடியில விட்டா வாசல்லயே உருண்டு அழறா. திரும்பிக் கூட்டிட்டு வந்துடுறேன்.

கூட்டிட்டு வந்தா, அழுதா வீட்டுக்குப் போயிடலாம்னு கத்துக்குவா. முதல் ரெண்டு நாள் நீங்களும் உள்ள உக்காருங்க. மூணாம் நாள், "சோறு சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்"னு சொல்லிட்டுக் கிளம்புங்க, சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்க. கண்ணு மறைச்சு ஓடிப்போறது மட்டும் கூடாது. 29 வருஷத்துல நான் பாத்தது, முக்காவாசி அழுகை அம்மா தெரு முனை திரும்பினதும் நின்னுடும். அம்மாவுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் நிக்காது.

கேள்வி இல்ல டீச்சர். ரெண்டு பிள்ளை, அவரு திருப்பூர்ல. உக்காரக்கூட நேரமில்ல. எதுக்கெடுத்தாலும் அழுகை வருது.

ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா, தூக்கம் பசி எல்லாம் போயிருந்தா, ஊரு நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க. அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணினாலும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. பிள்ளை பெத்த உடம்புக்கு வர்ற நோய் இது, உங்க தப்பு இல்ல.

அசதிதான்னா ஒரு வழி சொல்றேன், நான் இப்பவும் செய்யிறதுதான். மத்தியானம் கொல்லைக் கதவை மேல் தாழ்ப்பாள் போட்டுட்டு, பாயை விரிச்சுப் படுத்துக்கங்க. பெரியவனை டாக்டர் ஆக்கிடுங்க, சின்னவ நர்ஸ். நீங்க நோயாளி. கரண்டி ஒண்ணு, துண்டு ஒண்ணு கொடுத்தா போதும், நெத்தியில பத்து போடுவாங்க, கையில ஊசி குத்துவாங்க. நோயாளி எழுந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லுவாரு. எனக்கு நேத்து முக்கால் மணி நேரம் வைத்தியம் நடந்துச்சு.