பட்டாளத்திலிருந்து வருகிறவரை ஸ்டேஷனில் படம் எடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். லடாக்கில் இருக்கிறார். பதினான்கு மாதம் கழித்து லீவில் வருகிறார். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியுமுன் கும்பகோணத்தில் இறங்குவார். அவர் இறங்குவதையும் வீட்டு வாசலில் ஆரத்தி எடுப்பதையும் படம் எடுத்துவைக்க ஆசை. விழா ஏற்பாடு செய்கிற ஒருவர் 48,000 ரூபாய்க்கு ‘வீரர் வரவேற்பு பேக்கேஜ்’ என்கிறார். இரண்டு கேமரா, டிரோன், பையனுக்கு மிலிட்டரி டிரெஸ், அவருக்குப் போர்த்த தேசியக் கொடி, பேனர் எல்லாம் அதில் அடக்கம். ‘ஸ்டேஷன் பர்மிஷன்’ தனியாக 6,000. பிளாட்பாரத்தில் கேமராவை எடுத்தால் போலீஸ் பிடிக்குமா? அவர் வேலைக்கு ஏதும் சிக்கல் வருமா? அவர் போனபோது சின்னவளுக்கு ஏழு மாதம். அப்பாவைப் பார்த்து மிரண்டு அழுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, வலங்கைமான்

பதில்: வீட்டு மனிதர்கள் தங்கள் நினைவுக்காகப் போனிலோ கையடக்க கேமராவிலோ எடுப்பதற்கு யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை. கும்பகோணம் ஸ்டேஷன் ராணுவ முகாம் அல்ல. ஆளுக்கு 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அது 2 மணி நேரம்தான் செல்லும். ராத்திரி மூன்று மணிக்கே எல்லோருக்கும் டிக்கெட் வாங்கி வைத்துவிட்டு, வண்டி தாமதமானதும் செல்லாத டிக்கெட்டோடு டி.டி.இ. முன்னால் நிற்காதீர்கள். வண்டி எங்கே வருகிறது என்று செயலியில் பார்த்து, மயிலாடுதுறையைத் தாண்டிய பிறகு வாங்கினால் போதும்.

தண்டவாளத்தில் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து எடுத்தால் பிரமாதமாக வரும் என்று கேமராக்காரர் குதிப்பார். உங்கள் தம்பியும் பின்னாலேயே குதிப்பார். 1989 ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் அதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு, வருகிற வண்டியை நோக்கி ஃபிளாஷ் அடிக்காதீர்கள். எஞ்சின் ஓட்டுகிறவர் கண் கூசும்.

இப்போது அந்த 6,000. காசு வாங்கிப் படம் எடுக்கும் தொழில்காரர் ஸ்டாண்டும் விளக்குமாக வந்தால் முன்அனுமதி தேவைதான். அதை ரயில்வேயின் கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். டெல்டா ஸ்டேஷன்கள் திருச்சி கோட்டத்தில் வருகின்றன. ரயில்வேக்குக் கட்டும் எந்தப் பணத்துக்கும் ரசீது உண்டு. ‘ஆளைத் தெரியும், நான் பார்த்துக்கறேன்’ என்பவரிடம் ரசீது கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிப்பட்டவர்கள் முளைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், யாரைக் கேட்பது என்று நாலு வரி தமிழில் எழுதி டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒட்டினால் இந்த வியாபாரமே படுத்துவிடும். அதைத்தான் யாரும் செய்வதில்லை. கேட்டால் ஒரு மேஜை அடுத்த மேஜையைக் காட்டும்.

அடுத்தது அவர் வேலை. படம் எடுப்பதால் சிக்கல் இல்லை. படத்தில் என்ன விழுகிறது, அது எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். பட்டாளத்துக்காரர் கொண்டுவரும் கறுப்பு டிரங்குப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். மூடியிலும் பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் எழுதியிருக்கும். நீங்கள் கட்டிக்கொண்டு அழும் படத்தில் காலடியில் அந்தப் பெட்டி பளிச்சென்று நிற்கும். பின்னாடி இறங்குகிற இன்னொரு ஜவானின் பெட்டியும் நிற்கும். இறங்கியதும் பெட்டியை எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க ஒரு ஆளை நியமியுங்கள், அல்லது மேலே ஒரு துண்டைப் போடுங்கள். யூனிட் பெயர் போட்ட டி-ஷர்ட், தோளில் தைத்த படைச் சின்னம், பையில் தொங்கும் அட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, லீவ் சர்டிஃபிகேட் இவற்றைக் கையில் பிடித்தபடி ‘ஸ்டைலாக’ ஒரு படம் என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பழைய பைக் விற்கிறேன், வீடு வாடகைக்கு வேண்டும், நான் ஆர்மி என்று சொல்லி முன்பணம் பிடுங்கும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. அவர்கள் அனுப்பும் அட்டையும் யூனிஃபார்ம் படமும் உங்கள் கணவரைப் போன்ற நிஜ ஜவான்களுடையவை. இணையத்தில் கிடந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஏமாந்தவர் போலீசுக்குப் போகும்போது கையில் இருப்பது உங்கள் வீட்டுக்காரர் முகம்.

2020 ஜூலையில் ராணுவம் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்தப் பட்டியலில் இருந்தன. இப்போது எது வரை அனுமதி என்று அவரிடமே கேளுங்கள். அது அவர் யூனிட்டில் சொல்லித் தந்திருக்கும் விஷயம், நானோ கேமராக்காரரோ தீர்ப்புச் சொல்வதற்கில்லை. அவர் சரி என்றாலும் யூனிஃபார்ம் படம், யூனிட், இடம், தேதி இந்த நான்கையும் சேர்த்துப் போடாதீர்கள். போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். லீவு முடிந்து அவர் கிளம்பும் தேதியை ஸ்டேட்டஸில் வைப்பதும் வேண்டாம். வீட்டில் இனி ஆண் துணை இல்லை என்று தெருவுக்கே தண்டோரா போடுவது போல அது.

பேக்கேஜுக்கு வருவோம். டிரோன் இந்தக் கதைக்குத் தேவையில்லை. மேலிருந்து பார்த்தால் அவர் தலையும் தென்னை மட்டையும்தான் தெரியும். 250 கிராமுக்கு மேலான டிரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட அதை இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவே அங்கே நிற்கிறது. எங்கே பறக்கலாம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பாகக் காட்டியிருக்கும். ‘கிராமம்தானே, யார் கேட்பார்கள்’ என்பவரிடம் அந்த வரைபடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

மிலிட்டரி டிரெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். படைவீரர் அல்லாதவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 168ஆவது பிரிவில் குற்றம். 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நம்ப வேண்டும் என்ற எண்ணம்’ என்பதுதான் இதில் முக்கியம். உங்கள் பையன் ஒன்றாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ, அவனை ஹவில்தார் என்று எந்தப் போலீஸ்காரரும் நம்பப் போவதில்லை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் போட்டது போலத்தான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இருபத்தைந்து வயது மைத்துனர் வாடகைக்கு எடுத்த காம்பாட் டிரெஸ்ஸில் (போர்க்கள உடையில்) தொப்பியோடு நின்று ரீல்ஸ் எடுத்தால் அது வேறு கணக்கு. அவர் உங்கள் கணவரின் யூனிஃபார்மையே எடுத்து மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். 2022 ராணுவ தினத்தில் அறிமுகமான புதிய காம்பாட் துணி டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. கடைத்தெருவில் வெட்டி விற்பதற்கானதல்ல. அதனால் வாடகைக்கு வருவது பெரும்பாலும் கண்டபடி தைத்த போலி. அதைப் பார்த்ததும் முதலில் முகம் சுளிப்பவர் உங்கள் கணவராகத்தான் இருப்பார்.

கொடி. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தேசியக் கொடியைப் பொன்னாடை போலத் தோளில் போர்த்தக் கூடாது, கார் பானட்டிலோ கூரையிலோ விரிக்கக் கூடாது. கொடிச் சட்டம் அதைத் தெளிவாகவே தடுக்கிறது. கொடி போர்த்தப்படுவது அரசு, ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில்தான். அப்படிக் கொடி போர்த்திய சவப்பெட்டிகளைத் தோளில் சுமந்தவராகக்கூட உங்கள் கணவர் இருக்கலாம். உயிரோடு வந்து இறங்குகிற மனிதருக்கு அதைப் போர்த்தி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். கதராடையோ, திருபுவனம் பட்டுத் துண்டோ போர்த்துங்கள். கொடி வேண்டுமென்றால் பையன் கையில் குச்சியோடு நிமிர்த்திப் பிடிக்கட்டும்.

பேனரைச் சாலையில் வைக்க அனுமதி வேண்டும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் யூனிட் எண் வேண்டாம்.

பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரியது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த ‘வேறு ஒப்பந்தம்’தான் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்: ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு’. அந்த வரியை அடித்து, ‘எங்கள் அனுமதி இல்லாமல் எங்கும் வெளியிடக் கூடாது’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் பேக்கேஜ்காரர் தன் இணையப் பக்கத்தில் டிரங்குப் பெட்டி தெரியும் படத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் வீண். முன்பணம் கால் பங்குக்கு மேல் தராதீர்கள், தேதி மாறினால் பணம் போகாது என்றும் எழுதி வாங்குங்கள். லடாக்கின் லே நகரில் வானிலை கெட்டால் விமானம் கிளம்பாது, டிரான்சிட் கேம்ப்பில் (வழியில் தங்கும் ராணுவ முகாமில்) நாள் கணக்கில் காத்திருக்க நேரும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயிலே ஒன்றரை நாள். சொன்ன தேதியில் வந்தால் அதிர்ஷ்டம்.

என்னைக் கேட்டால், கையில் கேமரா இருக்கிற ஒருவர், போனோடு இன்னொருவர், அவ்வளவுதான் தேவை. எங்கே நிற்பது என்பதுதான் வித்தை. கோச் எண்ணை முதல் நாளே கேட்டு, அது நிற்கும் இடத்தைப் பிளாட்பார போர்டில் பாருங்கள். இப்போதைய சிவப்பு ரயில் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர் நீளம். நாலு பெட்டி தப்பாக நின்றால் கிட்டத்தட்ட 100 மீட்டர் மூச்சிரைக்க ஓடுவீர்கள், அந்த நேரத்துக்குள் அவர் இறங்கித் தனியாக நின்றுகொண்டிருப்பார். கதவு வாசலில் குவியாதீர்கள், இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள், அவர் உங்களை நோக்கி நடந்து வரட்டும். நேர்மேலே விளக்கு இருந்தால் கண் குழியில் நிழல் விழுந்து எல்லோரும் நோயாளி மாதிரி இருப்பார்கள். விளக்கைக் கொஞ்சம் முன்னால் விட்டு நில்லுங்கள். டீக்கடை டியூப்லைட் பக்கவாட்டிலிருந்து அடித்தால் அதைவிட நல்ல வெளிச்சம் அந்த நேரத்தில் கிடைக்காது.

கேமராக்காரர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று முதலில் அவர் முகத்தை எடுக்க வேண்டும். கட்டிப்பிடித்ததும் பக்கவாட்டில் நகர வேண்டும். இல்லையென்றால் பத்துப் படத்திலும் இரண்டு முதுகுதான். லென்ஸ் 35 மில்லிமீட்டர், துளை எஃப் 2 பக்கம், ஐ.எஸ்.ஓ. 3200 முதல் 6400. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/100இல் வைத்தால் படம் சுத்தமாக வரும், 1/500க்கு ஏற்றினால் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழலாம். இதெல்லாம் புரியாவிட்டால் பரவாயில்லை, இந்த வரியை அப்படியே அவரிடம் காட்டுங்கள். போனில் எடுப்பவர் நைட் மோடை அணைக்க வேண்டும். அது பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவது, ஓடுகிற குழந்தை பேய் மாதிரி கலங்கிவிடும். லென்ஸைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும். ஏ.சி. காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் நம் ஈரக் காற்றில் கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் முன்னதாக வெளியில் வைத்துவிடுங்கள்.

வாசலில் ஆரத்தியின்போது வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுக்காதீர்கள். தெரு வெளுத்து, அவர் முகம் கரியாகிவிடும். திண்ணை ஓரத்தில் இருந்து, தட்டு உயரத்துக்குக் குனிந்து எடுத்தால் சூடத்தின் சுடர், சிவந்த நீர், இரண்டு முகம் எல்லாம் ஒரே படத்தில் வரும். போனில் அவர் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அளக்க விடுங்கள், வெள்ளைச் சட்டையைத் தொட்டால் முகம் இருட்டடிக்கும். பனிமலை வெயிலில் கன்னம் கறுத்து வந்திருப்பார். அதை எடிட்டிங்கில் வெளுக்க வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காமலே செய்வார்கள். சரவெடி வெடிக்கலாமா என்பதையும் அவரிடம் கேட்டுவிட்டு வெடியுங்கள்.

சின்னவள் அழலாம். ஒன்றே முக்கால் வயதில், விடியாத நேரத்தில், இரைச்சலில், முன்பின் பார்க்காத மீசை பக்கத்தில் வந்தால் எந்தக் குழந்தையும் அழும். வருவதற்கு முன் தினமும் வீடியோ காலில் அவர் குரலைக் கேட்க விடுங்கள். ஸ்டேஷனில் அவள் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். ‘அப்பாகிட்டப் போ, போ’ என்று கேமராக்காரர் அவளைப் பிடுங்கிக் கொடுக்கக் கூடாது. அவர் பெரியவனை முதலில் தூக்கட்டும், அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வீட்டுக்கு வந்து குளித்து, லுங்கி கட்டி, கூடத்தில் தரையில் உட்கார்ந்த பிறகு அவளாகவே ஒரு விரலை நீட்டி அவர் மீசையைத் தொடுவாள். அது முதல் நாளிலோ மூன்றாம் நாளிலோ நடக்கும். பேக்கேஜ்காரர் அதற்குள் கணக்கு முடித்துப் போயிருப்பார். போனில் கொஞ்சம் இடம் காலியாக வைத்திருங்கள்.