வாசகர் கேள்வி பதில்: நிவாரணத்துக்குத் துணிமணி அனுப்பலாமா?

வெளிநாட்டுப் பேரிடர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து உதவுவது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைத் தொட்டவற்றை இணைத்து, இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அண்டை நாடுகளில் வெள்ளமோ நிலநடுக்கமோ நேர்ந்தால், எங்கள் புளோக்கிலும் கோயிலிலும் துணிமணி, அரிசி, பால்மாவு எல்லாம் ஓரிரு நாளில் சேர்ந்துவிடுகின்றன. கொண்டுபோய்க் கொடுத்தால் நிவாரண அமைப்புகள் பணமாகத் தரச் சொல்கின்றன. மக்கள் மனமுவந்து தருவதை மறுப்பது முறையா?
- ஈசூன் வாசகி

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆயினும் இதில் அமைப்புகளின் பக்கமே நியாயம் இருப்பதாகக் கருதுகிறேன். பேரிடர் நேர்ந்த இடத்தில் பொருளுக்கு முன்பே தட்டுப்பாடு ஏற்படுவது வழிக்குத்தான்: சாலை, பாலம், லாரி, கிடங்கு, வந்திறங்கியதைப் பிரித்து அடுக்க ஆட்கள். நேப்பாளத்தில் 2015 ஏப்ரல் 25ஆம் தேதி 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, காத்மாண்டு விமான நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. நிவாரண விமானங்கள் இறங்க இடமின்றி வானில் வட்டமிட்டன. சில திரும்பியே சென்றன. மே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதை சேதமடையவே, பெரிய விமானங்கள் இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தகைய நெருக்கடியில் ஒரு பெட்டி பழந்துணி இறங்கினால், எங்கோ ஒரு பெட்டி மருந்தோ கூடாரத் துணியோ காத்துக் கிடக்கும்.

நம் சொந்த மண்ணிலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரச் சாலைகளில் பழைய துணிகள் மலைபோல் குவிந்து, மழையில் நனைந்து, மாடுகள் மிதிக்கக் கிடந்தன. முதல் நாள்வரை உழைத்துச் சம்பாதித்த மீனவக் குடும்பங்கள், பிறர் உடுத்திக் களைந்ததை எடுக்க மனமின்றி ஒதுங்கி நின்றன. அவர்கள் ஒதுங்கியதில் தவறொன்றும் இல்லை. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு அதே பேரிடருக்குப் பின் வந்த மருந்துகளிலோ, உள்ளூர் மருத்துவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டவையும் காலாவதியானவையும் பெருமளவில் இருந்தன. அவற்றை அழிப்பதே பின்னர் தனிச் செலவாயிற்று.

பணம் சென்றால், பாதிக்கப்படாத பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே அரிசியையும் தார்ப்பாயையும் வாங்க முடிகிறது. கப்பல் கட்டணம் மிச்சம், அவ்வட்டாரக் கடைக்காரரும் பிழைக்கிறார். என்ன வாங்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. மனிதநேய அமைப்புகள் பின்பற்றும் ‘ஸ்ஃபியர்’ தரநிலைகள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கின்றன. முகாமில் பெண்களுக்கு இரவில் வெளிச்சமுள்ள, உள்ளே தாழிடக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்பணியின் பகுதியே. சேலை மூட்டை கட்டும் நமக்கு அது தோன்றுவதில்லை.

பொருளாகவே தர விரும்பினால், அமைப்பு பட்டியலிட்டுக் கேட்டவற்றை மட்டும், கேட்ட அளவில், புதிதாக வாங்கிக் கொடுங்கள். பால்மாவை விட்டுவிடுங்கள், சுத்தமான நீர் இல்லாத இடத்தில் அது கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

கேள்வி: அறநிறுவனங்களின் அறிக்கைகளில் ‘முன்னாயத்தம்’ என்ற செலவைக் காண்கிறேன். பேரிடரே நிகழாதபோது நன்கொடையைச் செலவழிப்பானேன்?
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்றொரு மீனவக் கிராமம் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியை இங்கே அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். செய்தி கிடைத்தவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஏற்படுத்தியிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் தப்பினார்கள். நம் ஊர்ப் பெருமையாக மட்டும் இதைச் சொல்லிக்கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒலிபெருக்கி அன்று காலையில் வாங்கப்பட்டதன்று. கடல் நிலவரத்தையும் அன்றாடச் செய்திகளையும் சொல்வதற்காகப் பல ஆண்டுகளாக அங்கே இருந்தது. அதில் வரும் குரலை நம்பி நடக்கும் பழக்கம் ஊராருக்கு ஏற்கெனவே உண்டாகியிருந்தது. ஆழிப்பேரலை வருவதற்கு முன் அதற்காகச் செலவான பணத்தை யாரேனும் வீண் என்று சொல்லியிருக்கக்கூடும்.

இன்னும் பெரிய சான்று வங்காளதேசம். 1970ஆம் ஆண்டுப் புயல் அங்கே 300,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அதன்பின் அந்நாட்டுச் செம்பிறைச் சங்கமும் அரசும் இணைந்து புயல் முன்னாயத்தத் திட்டத்தைத் தொடங்கின. இப்போது அதில் 70,000க்கும் மேற்பட்ட கிராமத் தொண்டூழியர்கள் இருக்கிறார்கள்; மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கையொலிபெருக்கியும் கொடியும் கொண்டு எச்சரித்து, முதியோரைப் புகலிடக் கட்டடங்களுக்குக் கூட்டிச் செல்கிறார்கள். 1991ஆம் ஆண்டுப் புயலில் சுமார் 138,000 பேர் மாண்டனர். 2007இல் வந்த சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். எல்லாப் புயல்களும் ஒரே வலிமையுடையவை அல்ல என்பதையும், வானிலைக் கணிப்பும் புகலிடங்களும் பெருகியதையும் கழித்துக்கொண்டே பார்த்தாலும், வீடு வீடாகச் சென்ற அந்த மனிதர்களின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது.

நம் வட்டாரத்திலும் இவ்வகை ஏற்பாடுகள் உள்ளன. ஆசியான் நாடுகள் 2011இல் ஜக்கார்த்தாவில் மனிதநேய உதவி ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. மறு ஆண்டு மலேசியாவின் சுபாங்கில் கூடாரம், படகு, மின்னாக்கி போன்றவற்றைச் சேமித்து வைக்கும் கிடங்கு திறக்கப்பட்டது. பின்னர் தாய்லாந்திலும் பிலிப்பீன்ஸிலும் துணைக் கிடங்குகள் சேர்ந்தன. 1949 முதல் இயங்கும் சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம், 2003இல் இங்கு தொடங்கப்பட்ட மெர்சி ரிலீஃப் போன்ற அமைப்புகளும் அவசர உதவியோடு நின்றுவிடாமல், பாதிக்கப்படும் நாடுகளின் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து மறுசீரமைப்பிலும் பயிற்சியிலும் ஈடுபடுகின்றன. சேற்றில் இறங்கி முதலில் கை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். வெளிநாட்டு விமானம் வருவதற்குள் இடிபாட்டில் சிக்கியவர்களுள் பெரும்பாலோரின் கதி முடிவாகிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே கொடுத்த பயிற்சியும் கயிறும் மிகப் பயனுள்ள நிவாரணம் என்றே சொல்வேன்.

கேள்வி: நான் தரும் 100 வெள்ளியும் பாதிக்கப்பட்டவரின் கைக்கே போக வேண்டும். நிர்வாகச் செலவே இல்லாத அமைப்பு எது?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: அப்படி ஒன்று இல்லை, இருப்பதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். லாரிக்கு எண்ணெயும், கணக்கருக்குச் சம்பளமும், தணிக்கைக் கட்டணமும் யாராவது கொடுத்தாக வேண்டும். அமைப்பின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் வெளியிடப்பட்டுள்ளனவா, நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள், முந்தைய பேரிடருக்குத் திரட்டிய தொகை எப்படிச் செலவானது என்று பாருங்கள். பதிவுபெற்ற அறநிறுவனங்களின் விவரங்கள் அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் உள்ளன.

கேள்வி: கஜா புயலின்போது எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. இனி அப்படி ஒன்று நேர்ந்தால், சிங்கப்பூரில் உள்ள ஊர்க்காரர்கள் சேர்ந்து பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஊரிலுள்ள தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அனுப்பலாம்; ஆனால் இரண்டு நாடுகளின் சட்டங்களையும் கடந்தாக வேண்டும். சிங்கப்பூரில், வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. உடனடிப் பேரிடர் நிவாரணத்துக்கு அவ்விதி தளர்த்தப்படுவதுண்டு, அதையும் விண்ணப்பித்தே பெற வேண்டும். உள்நாட்டு நன்கொடைகளுக்குக் கிடைக்கும் 250 விழுக்காட்டு வரிக்கழிவு இதற்குக் கிடையாது என்பதைக் கொடுப்பவர்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

இந்தியப் பக்கம் இன்னும் இறுக்கமானது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற நிறுவனம் மட்டுமே வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையைப் பெறலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அத்தொகை முதலில் புதுடில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் சேர வேண்டும். பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இந்தியக் குடிமகனாக இங்கு வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை; சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற உங்கள் அண்ணன் அனுப்புவது அவ்வாறு கருதப்படும். ‘நம்ம ஊர்ப் பையன் நடத்தும் அறக்கட்டளைதானே’ என்று அவன் சொந்தக் கணக்குக்கு அனுப்பினால், நல்லது செய்யப்போன அவனுக்கே வழக்கு வந்து சேரலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜாவுக்குப் பின், டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. ஆனால் தென்னை விவசாயியின் இழப்போ ஆண்டுக்கணக்கானது. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு இருக்கும் தனிச் சிறப்பு, ஊடகங்கள் நகர்ந்த பின்னும் யாருக்கு என்ன தேவை என்று தெரிந்திருப்பது. முதல் வாரச் சோற்றுப் பொட்டலத்தைப் பெரிய அமைப்புகளிடமும் அரசிடமும் விட்டுவிட்டு, உங்கள் நிதியை ஆறு மாதத்துக்குப் பிந்திய தேவைக்கு, கன்று வாங்கவும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: தேசிய சேவையை முடித்துவிட்டேன், உடல்வலிமை உண்டு. அடுத்த நிலநடுக்கத்தின்போது நேரடியாகக் களத்துக்குப் போக விரும்புகிறேன்.
- பொங்கோல் வாசகர்

பதில்: தனியாகப் போகாதீர்கள். அழைப்பின்றி வருபவருக்கும் குடிநீரும் படுக்கையும் வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பங்கிலிருந்தே அது கழியும். 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, வெளிநாட்டு அமைப்புகள் உள்ளூர்க் கூட்டாளிகளின் வழியாகவே செயல்பட வேண்டும் என்று இந்தோனேசிய அரசு கட்டுப்பாடு விதித்ததற்கும் காரணம் உண்டு. இடிபாட்டில் தேடுவது ஒரு தனிக் கலை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ‘ஆப்பரேஷன் லயன்ஹார்ட்’ குழு 1990 முதல் அதற்கெனவே பயிற்சி பெற்றுவருகிறது. 2025 மார்ச் மாதம் மியன்மார் நிலநடுக்கத்துக்கு அக்குழுவிலிருந்து 80 பேர் சென்றார்கள். நீங்கள் முதலுதவிப் பயிற்சி பெறுங்கள்; உங்கள் வட்டாரச் சமூக அவசரகாலக் குழுவில் சேருங்கள்; நிவாரண அமைப்பொன்றில் பொதிகட்டுவது, கணக்கெழுதுவது, மொழிபெயர்ப்பது போன்ற வேலைகளில் தொடர்ந்து தொண்டூழியம் செய்யுங்கள். அமைப்பு ஒரு நாள் களத்துக்கு ஆள் அனுப்பும்போது, முகம் தெரிந்தவரையே அனுப்பும்.

கேள்வி: நிலநடுக்கமும் புயலும் இல்லாத சிங்கப்பூரில் அவசரகாலப் பை தயாராக வைத்திருக்கச் சொல்கிறார்கள். 80 வயதுத் தாயாருடன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் எனக்கு அது தேவைதானா?
- அங் மோ கியோ வாசகி

பதில்: தேவைதான், அதிலும் உங்கள் வீட்டுக்குக் கூடுதலாக. 2009இல் சுமத்ராவின் பாடாங் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இங்குள்ள உயர்ந்த கட்டடங்களும் ஆடின. 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது, முகக்கவசம் தேடிக் கடை கடையாக அலைந்தவர்கள் பலர். இவை இரண்டும் இல்லாவிட்டாலும், கீழ்த்தளத்தில் மின்சைக்கிள் மின்கலம் தீப்பற்றினாலே நீங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு நள்ளிரவில் படியிறங்க நேரிடும்.

குடிமைத் தற்காப்புப் படையின் பட்டியலில் கைவிளக்கும் மின்கலங்களும், முதலுதவிப் பொருள்கள், என்95 முகக்கவசம், ஊதல், நீர்புகாத உறையில் முக்கிய ஆவணங்களின் நகல் ஆகியவை உண்டு. அவற்றோடு தாயாரின் மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி மின்கலம், சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தொலைபேசி எண்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசி அணைந்துபோனால் ஒருவருக்கும் ஓர் எண்ணும் நினைவிருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் நண்பகலில் ஒலிக்கும் அபாயச் சங்கை, ஏதோ சத்தம் என்று விடாமல், தாயாருக்கு ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். உண்மையான அவசரத்தில் அது ஒலித்தால், வானொலியில் ஒலி 96.8ஐ வைத்து அறிவிப்பைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடு என்றால் பாம் ஷெல்டர் எனப்படும் பாதுகாப்பு அறை இருக்கும். பழைய பெட்டிகளாலும் தீபாவளிப் பாத்திரங்களாலும் அது நிறைந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தாயார் நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்காவது அங்கே இடம் செய்யுங்கள். பையில் வைக்கும் மாத்திரைகளின் காலாவதித் தேதியைப் பையின் வெளிப்புறத்திலேயே எழுதி ஒட்டி, பலதுறை மருந்தகத்தில் புதிய மாத்திரை வாங்கும் ஒவ்வொரு முறையும் பழையதை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை உள்ளே வையுங்கள்.