கரீபியனில் கூட்டமில்லாமல், இயற்கையோடு சில நாள் ஓய்வாக இருக்க எந்தத் தீவுக்குப் போகலாம்?

என்னைக் கேட்டால் டொமினிக்கா. டொமினிக்கன் குடியரசு இல்லை, அது வேறு நாடு. டிக்கெட் போடும்போது பெயரை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவே உள்ள, சுமார் 750 சதுர கி.மீ. எரிமலைத் தீவு இது. ஆட்சிமொழி ஆங்கிலம்.

வெள்ளை மணலில் படுத்துக் கிடப்பதுதான் உங்கள் ஓய்வு என்றால் ஏமாந்து போவீர்கள். இங்கே பல கடற்கரைகளில் கறுப்பு மணல், இல்லாவிட்டால் கூழாங்கல். எரிமலைத் தீவு, வேறெப்படி இருக்கும்? ஆனால் அதே எரிமலைதான் மற்ற எல்லாவற்றையும் தருகிறது. ஷாம்பெயின் ரீஃப் என்ற இடத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தால், கடலடிப் பாறை இடுக்குகளிலிருந்து சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழிகள் வரிசையாக மேலேறிக்கொண்டே இருக்கும். வாட்டன் வேவன் கிராமத்தில் கந்தக வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து நேரத்தை மறக்கலாம். முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்!

காலில் தெம்பிருந்தால் கொதிக்கும் ஏரிக்கு நடங்கள். போய்வர ஏறக்குறைய ஆறு மணி நேரம். சுமார் 60 மீட்டர் அகலத்தில், சாம்பல் நிறத் தண்ணீர் உலைபோலத் தளதளவென்று கொதிக்கும். வழியெல்லாம் சேறு, ஆவி, வழுக்குப் பாறை. வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே புரட்டிப்போட்டது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போனால் மழை குறைவு.