ரிப்போர்ட்டில் டபிள்யூ.பி.சி. 13.2, பக்கத்தில் 'எச்': பயப்பட வேண்டுமா?

ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் டபிள்யூ.பி.சி. (வெள்ளை அணு எண்ணிக்கை) 13.2, பக்கத்தில் 'எச்' (கூடுதல் என்ற குறி), கூகுளில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது, என்ன செய்வது என்று.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே 'எச்'சைப் பார்த்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவன். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர், இழுப்பு நோய்க்காரர். டவுன் லேபில் 14.8 என்று வந்தது. மறுநாள் டாக்டர் அந்த எண்ணை விட்டுவிட்டு, கிளினிக் கொப்பியைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். ஐந்து நாளாக அம்மா பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை குடித்துக்கொண்டிருந்தார். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளை அணுக்களை அந்த மருந்து ஓட்டத்துக்குள் இழுத்துவிடுமாம். லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) இருந்தவர்கள் ரோட்டுக்கு வந்துவிட்டால் கூட்டம் கூடினது மாதிரித் தெரியும் இல்லையா, அப்படித்தான். மருந்து முடிந்தபின் எடுத்ததில் 8.6.

13.2 என்றால் ஒரு மைக்ரோலீட்டர் ரத்தத்தில் 13,200 அணுக்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை. சளி, நெஞ்சுத்தொற்று, சிறுநீர்த்தொற்று, கர்ப்பம், சிகரெட் என்று எது வேண்டுமானாலும் இந்த அளவுக்கு ஏற்றிவிடும்.

மொத்த எண்ணுக்குக் கீழே இருக்கும் வரிகளைப் பாருங்கள். வெள்ளை அணுக்களின் வகைகள் அங்கே தனித்தனியாக இருக்கும். நியூட்ரோஃபில் ஏறியிருந்தால் பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்று, இல்லாவிட்டால் எங்கள் கதை மாதிரி மருந்து. ஈசினோஃபில் ஏறியிருந்தால் ஒவ்வாமை, இழுப்பு, அல்லது வயிற்றுப் பூச்சி. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே போகும் என்பதால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை மறக்கக்கூடாது. சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மொத்தம் 3,000 இருக்கும்போது லிம்போசைட் 60 சதவீதம் என்றால் பயங்கரமாகத் தெரியும். கணக்குப் போட்டால் 1,800தான், அது சரியான அளவு. அங்கே குறைந்து கிடப்பது நியூட்ரோஃபில்.

உண்மையைச் சொன்னால், காய்ச்சலோடு வரும் 'எல்' (குறைவு என்ற குறி)தான் எனக்கு அதிகப் பயம். டெங்கில் வெள்ளை அணு முதலில் இறங்கும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லட் அதன்பின் இறங்கும். நம் பக்கம் குளிர், நுளம்பு குறைவு என்று அலட்சியமாக இருப்போம். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளை தீபாவளிக்கு வரும்போது காய்ச்சலையும் கொண்டுவருவான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம். பரசிட்டமோல் தவிர ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். டாக்டர் தினமும் ரத்தம் எடுக்கச் சொன்னால் சலிக்காமல் எடுங்கள்.

புற்றுநோய்ச் சந்தேகம் பொதுவாக ஒரு எண்ணை மட்டும் வைத்து வருவதில்லை. ஹீமோகுளோபினும் பிளேட்லட்டும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா, காரணமில்லாமல் மெலிகிறாரா, உடம்பில் கன்றிப்போன திட்டுகள் வருகிறதா, வாரக்கணக்கில் காய்ச்சலா? இதில் ஒன்று இருந்தாலும், ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' (முதிராத ரத்த அணு) என்ற சொல் இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்கு இவை எதுவும் இல்லையென்றால் அவர் குடிக்கும் எல்லா மாத்திரைகளையும், பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எப்போது மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று அவரே சொல்வார். எங்களுக்கு பத்து நாள் கழித்து எடுக்கச் சொன்னார்கள்.